பிறந்தநாளுக்கு எதற்கு நேர மண்டலம்?

வேலை காரணமாக நாடு மாறிக்கொண்டே இருப்பவன் நான். சொந்தக்காரர்களும் நண்பர்களும் நாலு திசையில் இருக்கிறார்கள். பல வருடங்களாகப் பல காலண்டர் செயலிகளை மாற்றி மாற்றிப் பயன்படுத்தியதில், ஒரு செயலியைப் பற்றி முடிவு செய்ய நான் முதலில் பார்ப்பது அதன் பிறந்தநாள் பகுதியைத்தான்.

நான் வெகுநாள் வைத்திருந்த ஒரு செயலி, மே 12 என்று கொடுத்த பிறந்தநாளை 'மே 12, நள்ளிரவு 12 மணி' என்று நேரத்தோடு சேமித்து வைத்திருந்தது. எட்டு மணி நேரம் பின்தங்கிய ஊருக்குப் போய் இறங்கியதும் அதே பிறந்தநாள் மே 11 மாலை 4 மணிக்குத் தொடங்கி மறுநாள் மாலை வரை நீண்டது. திரும்பி வந்தால் தானாகச் சரியாகிவிடும். அதனாலேயே யாரும் புகார் செய்வதில்லை போலிருக்கிறது.

இதற்கான தீர்வு புதிதல்ல. காலண்டர் தகவல்களைப் பரிமாறும் ஐகேலண்டர் தரம் (2009-இல் வந்த ஆர்எஃப்சி 5545 என்ற இணையத் தர ஆவணம்) நேரமே இல்லாத வெறும் தேதியைத் தனி வகையாக வைத்திருக்கிறது. பிறந்தநாளுக்கு அதுவே போதும். ஒருவர் எந்த நாட்டில் பிறந்து எங்கே குடியேறினாலும் சான்றிதழில் உள்ள தேதியில்தானே கொண்டாடுகிறார்! நள்ளிரவை நம்புவதில் வேறு சிக்கலும் உண்டு. பிரேசிலில் 2019-இல் கைவிடும் வரை, கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளும் கோடைநேரம் தொடங்கும் நாளில் நள்ளிரவு 12 மணியே வராது. கடிகாரம் நேராக 1 மணிக்குத் தாவிவிடும்.

சரி, தேதி நகராமல் நின்றுவிட்டது. அப்புறம் நினைவூட்டல். இதில்தான் நல்ல செயலிகளும் கோட்டை விடுகின்றன. தேதி எங்கேயும் ஒன்றுதான், ஆனால் வாழ்த்து போய்ச் சேர வேண்டியது பிறந்தநாள்காரருடைய ஊர் நேரப்படி. என் போன் காலை 9 மணிக்கு மணியடிக்கும்போது, பன்னிரண்டு மணி நேரம் முன்னால் இருப்பவருக்கு இரவு 9 மணி. பசிபிக் கடலில் உள்ள கிரிபாட்டி நாட்டின் லைன் தீவுகளுக்கும் அமெரிக்க சமோவாவுக்கும் 25 மணி நேர வித்தியாசம். சமோவாவில் ஒரு தேதி பிறக்கும்போது லைன் தீவுகளில் அது முடிந்தே போயிருக்கும்.

தொடர்பு அட்டைகளுக்கான விகார்டு வடிவத்தில் பிறந்தநாளுக்கும் இடம் இருக்கிறது, நேர மண்டலத்துக்கும் இடம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்துப் பார்த்து மணியடிக்கும் செயலி இதுவரை என் கையில் சிக்கவில்லை. இப்போதைக்குப் பிறந்தநாளை நாள் முழுக்க நீளும் நிகழ்வாகப் போட்டுவிட்டு, வாழ்த்துக்கு மட்டும் அவருடைய நேர மண்டலத்தில் இன்னொரு நிகழ்வு வைத்துக்கொள்கிறேன். இரட்டை வேலைதான், ஆனால் பிசகுவதில்லை.

பிப்ரவரி 29-இல் பிறந்தவர்கள் தனிக் கதை. 'வருடந்தோறும்' என்று போட்டால் தரத்தின்படி லீப் ஆண்டில் மட்டுமே வரும். மற்ற ஆண்டுகளில் 28-ஆ, மார்ச் 1-ஆ என்று சொல்ல 2015-இல் ஆர்எஃப்சி 7529 வழி செய்தது. அதை அவரிடமே கேட்டு, அவர் சொன்ன தேதியைத் தனியாகப் போட்டுவிடுகிறேன்.