அசீர்டிகோ: மீன் பொரியுற அன்னைக்குத் திறக்க வேண்டிய பாட்டில்

ஒயிட் ஒயின்னா ஷார்டனே, சோவின்யான் பிளாங்க்னு இந்த ரெண்டையே சுத்திச் சுத்தி வர்றவங்க கண்டிப்பா ஒரு தடவ அசீர்டிகோ குடிச்சுப் பாருங்க. இது கிரேக்க திராட்சை, சொந்த ஊரு சான்டோரினி தீவு. நான் திறந்தது அந்தத் தீவுலயே விளைஞ்சது, மரப்பீப்பாய் பக்கமே போகாம ஸ்டீல் டேங்குல இருந்து வந்த ஒயின், லேபிள்ல ஆல்கஹால் 14 சதவீதம்னு போட்டிருந்துச்சு.

முதல் கிளாஸ ஃப்ரிட்ஜுல இருந்து எடுத்த உடனே ஊத்திட்டேன், அது தப்பு. வாசனைன்னு ஒண்ணுமே வரல, புளிப்பு மட்டும் கடவாப்பல் வரைக்கும் போய் கூசுச்சு. சரின்னு கிளாஸ மேசையிலயே வச்சுட்டு மீனப் பொரிக்கப் போயிட்டு அரைமணி நேரம் கழிச்சு வந்து மோந்து பார்த்தா, அதே ஒயின்னு நம்பவே முடியல! எலுமிச்சம்பழத் தோல நகத்தால கீறினா கிளம்புமே அந்த வாசனை, அதுக்குப் பின்னாடி தீக்குச்சி உரசின மாதிரி லேசா ஒரு புகை, முழுங்கின அப்புறம் கடல்ல குளிச்சுட்டு வந்து உதட்ட நக்கினா தெரியுற உப்பு. 10ல இருந்து 12 டிகிரிதான் இதுக்கு சரியான குளிர்ச்சி, அதுக்குக் கீழ போனா புளிப்பத் தவிர எதுவும் தெரியாது.

வெயில் ஊருல திராட்சை பழுக்கப் பழுக்க புளிப்பு இறங்கிடும், பெரும்பாலான வகைங்க அப்படித்தான். அசீர்டிகோ நல்லா பழுத்தாலும் புளிப்ப விடாது, அதான் 14 சதவீதம் இருந்தும் வாயில கனமா உட்காரல. அந்தத் தீவுல கொடிய பெரும்பாலும் பந்தல்ல ஏத்த மாட்டாங்க, காத்து அந்த அடி அடிக்கும், அதனால தரையோட தரையா கூடை மாதிரி வளைச்சு முடைஞ்சு விடுவாங்க, குலை அந்தக் கூடைக்குள்ள காத்துக்கும் வெயிலுக்கும் ஒதுங்கி தொங்கும். கூலூரான்னு அதுக்குப் பேரு. 19ஆம் நூற்றாண்டுல ஐரோப்பாவோட திராட்சைத் தோட்டங்கள அழிச்ச ஃபிலாக்செரா பூச்சி இந்த எரிமலை மண்ணுல பிழைக்கல, களிமண்ணே கிட்டத்தட்ட இல்லாத மண்ணு, அதனால மத்த ஊருல மாதிரி அந்தப் பூச்சியத் தாங்குற வேற வேர்ல ஒட்டுப் போடாம சொந்த வேர்லயே நிக்குற ரொம்பப் பழைய கொடிங்க இன்னமும் அங்க காய்க்குது. கிரேக்கத்தோட மத்த பகுதியிலயும் இத வளர்க்குறாங்க, ஆஸ்திரேலியாவுல கிளேர் பள்ளத்தாக்கு வரைக்கும் போயிருச்சு, ஆனா முதல் பாட்டில் வாங்குறவங்க லேபிள்ல சான்டோரினின்னு இருக்கான்னு பாத்து வாங்குங்க.

சாப்பாட்டு விஷயத்துக்கு வர்றேன், இந்த ஒயினோட உயிரே அங்கதான் இருக்கு. பொரிச்ச மீன் ஒரு வாய், உடனே ஒரு மடக்கு, எண்ணெய்ப் பிசுக்கு மொத்தமா வழிச்செடுத்த மாதிரி போயிடுது, அடுத்த வாய்க்கு எச்சில் ஊறுது. மீன்மேல எலுமிச்சை பிழியுறோமே அந்த வேலையத்தான் இது செய்யுது, அதனால நான் எலுமிச்சையத் தொடவே இல்ல. தணல்ல சுட்ட ஆக்டோபஸ், இறால், சிப்பி எல்லாத்துக்கும் இதே கணக்குதான். அந்தத் தீவுக்காரங்க ஃபாவான்னு ஒரு மஞ்சள் பருப்பு மசியல் பண்ணுவாங்க (ஃபாவா பீன்ஸ் இல்ல, அது வேற), மேல ஆலிவ் எண்ணெய், வெங்காயம், கேப்பர் (உப்புல ஊறவச்ச பூமொட்டு). மாவு மாதிரி வாயில ஒட்டுற அந்தப் பருப்புக்கு இத விட நல்ல ஜோடி எனக்குத் தெரிஞ்சு கிடையாது. தக்காளி பொரியலா வந்தாலும் சாஸா வந்தாலும் பிரச்சனையில்ல, தக்காளி புளிப்புக்குப் பக்கத்துல நிறைய ஒயின் தண்ணியாட்டம் ஆயிடும், இது அசராது.

காரம் ஜாஸ்தியான சாப்பாட்டோட மட்டும் வேணாம். இறால்ல மிளகாய அள்ளிப் போட்டு ஒரு தடவ முயற்சி பண்ணேன், ஆல்கஹால் சேர்ந்து எரிச்சல இன்னும் ஏத்தி விட்டுருச்சு, ஒயினோட ருசியே தெரியல. இனிப்போடயும் சேராது. சும்மா உட்கார்ந்து பேசிக்கிட்டே குடிக்கவும் இத நான் எடுக்க மாட்டேன், ரெண்டாவது கிளாஸுலயே பல்லு கூச ஆரம்பிச்சிடும்.

மிச்சத்த கார்க் போட்டு ஃப்ரிட்ஜுல வச்சிருந்தேன். மறுநாள் புளிப்போட முனை கொஞ்சம் மழுங்கி, உப்பு இன்னும் தூக்கலா இருந்துச்சு, ஃபெட்டா சீஸ் ரெண்டு துண்டு வெட்டி வச்சுக்கிட்டு பாட்டில முடிச்சேன்.