ஃபெராஹீம்: கட்டிக்குள் நானோ துகள் போய்ச் சேர்ந்ததா என்று பார்க்க எவ்வளவு உதவும்?

ஃபெராஹீம் அடிப்படையில் இரும்புச்சத்து மருந்து. சிறுநீரக நோயாளிகளின் ரத்தசோகைக்கு 2009-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. எம்ஆர்ஐ ஆய்வகங்கள் இதை வாங்குவது வேறு வேலைக்கு: நானோ துகள் மருந்து புற்றுக்கட்டிக்குள் போய்ச் சேருமா என்று இந்த இரும்புத் துகளை வைத்து ஊகிக்க. 17 மி.லி. குப்பியில் 510 மி.கி. இரும்பு, துகள் அளவு சுமார் 30 நானோமீட்டர். மனித ரத்தத்தில் அரை ஆயுள் ஏறத்தாழ 15 மணி நேரம் என்பதால், கட்டியின் ஓட்டை விழுந்த நாளங்கள் வழியே கசிந்து சேர அவகாசம் தாராளம். சுண்டெலியில் அதைவிடச் சீக்கிரம் வெளியேறிவிடும்.

20 கிராம் சுண்டெலிக்கு, கிலோவுக்கு 20 மி.கி. என்றால், 0.4 மி.கி. இரும்பு வேண்டும். 1 மி.லி. மருந்தில் 6.5 மி.லி. சலைன் கலந்தால் மி.லி.க்கு 4 மி.கி. கிடைக்கும், வால் சிரையில் 0.1 மி.லி. போதும். ஊசி சிரையை விட்டு விலகினால் வாலில் பழுப்புத் திட்டு தெரியும். அந்த எலியைக் கணக்கில் சேர்க்காதீர்கள்.

பலர் கோட்டைவிடுவது ஊசிக்கு முந்தைய படத்தில். இரும்பு கறுப்பாகத் தெரியும். பழைய ரத்தக்கசிவும் குடல் வாயுவும் அப்படித்தான். அதனால் ஊசிக்கு முன், 1 மணி, 24 மணி என மூன்று முறை, ஒரே கிடையில், பல எக்கோ கொண்ட கிரேடியன்ட் எக்கோவில் (சிக்னலை அடுத்தடுத்த நேரங்களில் பதியும் எம்ஆர்ஐ முறை) எடுத்து, ஊசிக்கு முந்தைய ஆர்2* மதிப்பைக் (சிக்னல் மங்கும் வேகம், இரும்பு கூடினால் கூடும்) கழித்துப் பாருங்கள். கல்லீரல் இரும்பை வாரி விழுங்கும். முதல் எக்கோவைப் பதியும் நேரம் நீளமாக இருந்தால் அதற்குள் சிக்னல் செத்துவிடும், ஆர்2* பொய்யாகக் குறைந்து வரும். தண்ணீரில் கலந்த மாதிரிக் குழாய்களை வைத்து அளவுகோல் போட்டாலும் செறிவு தோராயம்தான். செல்லுக்குள் திரண்ட துகள் தனித்துகளைப் போல நடந்துகொள்வதில்லை.

பெரிய குறை இதுதான்: 24 மணிப் படத்தில் தெரிவதில் பெரும்பங்கு மேக்ரோஃபேஜ் (அந்நியத் துகளை விழுங்கும் நோயெதிர்ப்பு செல்) விழுங்கிய இரும்பு, நீங்கள் சோதிக்கும் நானோ மருந்து அல்ல. லிப்போசோம் இரினோடிகான் (கொழுப்பு நானோ துகளில் அடைத்த புற்றுநோய் மருந்து) பெற்ற நோயாளிகளிடம் நடந்து 2017-இல் வெளியான சிறிய ஆய்வில், ஃபெராஹீம் அதிகம் சேர்ந்த கட்டிகள் கூடுதலாகச் சுருங்கின என்பது உண்மை. ஆனாலும் உங்கள் துகள் 100 நானோமீட்டரோ வேறு பூச்சோ என்றால், இதை வைத்து அதற்குச் சான்றிதழ் தர முடியாது. திசுவை வெட்டி, இரும்பைக் காட்டும் பெர்ல்ஸ் நீலச் சாயத்தோடு மேக்ரோஃபேஜ் சாயமும் போட்டே ஆகவேண்டும்.

மனிதரில் பயன்படுத்துவோருக்கு: கடும் ஒவ்வாமைக்காக 2015 முதல் மருந்துக் குறிப்பில் கட்டமிட்ட எச்சரிக்கை (அமெரிக்காவில் மிகக் கடுமையான வகை) உண்டு. நீர்த்துக் குறைந்தது 15 நிமிடம் ஏற்றி, பிறகு 30 நிமிடம் கண்காணிக்க வேண்டும். அடுத்த 3 மாதம் வரை வேறு எம்ஆர்ஐ படங்களிலும் இதன் கறுப்பு தலைகாட்டலாம். ரேடியாலஜி பிரிவுக்குச் சொல்லிவையுங்கள்.