பக்பீடியா: ஜிஎம்மைத் திட்டுவதற்கு முன் ஒருமுறை திறந்து பாருங்கள்

கேப்ஃபிரண்ட்லி தளம் போன பிறகு என்.எச்.எல். (வட அமெரிக்க ஐஸ் ஹாக்கி லீக்) வீரர்களின் சம்பளக் கணக்கை எங்கே பார்ப்பது என்று இன்னும் கேட்கிறவர்களுக்கு: பக்பீடியா. அவ்வளவுதான், அவசரமாக இருப்பவர்கள் இத்தோடு கிளம்பலாம். மற்றவர்களுக்குக் கொஞ்சம் விலாவாரியாக.

இந்த மாதிரித் தளங்களுக்கு ஆயுசு கெட்டி கிடையாது. கேப்கீக் என்று ஒன்று இருந்தது, 2015 தொடக்கத்தில் மூடிவிட்டது. அடுத்து வந்த கேப்ஃபிரண்ட்லியை ரசிகன், நிருபர் என்று எல்லோரும் திறந்து வைத்திருந்தோம். அது எவ்வளவு நல்ல தளம் என்றால், 2024-ல் வாஷிங்டன் கேப்பிடல்ஸ் அணியே அதை மொத்தமாக விலைக்கு வாங்கி, ஜூலை மாதத்தோடு நமக்கெல்லாம் கதவைச் சாத்திவிட்டது. அந்த இடத்தில் இப்போது உட்கார்ந்திருப்பது பக்பீடியா.

என்ன காட்டுகிறது? ஒரு அணியின் பக்கத்தைத் திறந்தால் ஆள் ஆளாகச் சம்பளம், ஒப்பந்தம் எந்த வருடம் முடிகிறது, யாரை அவர் சம்மதம் இல்லாமல் அனுப்ப முடியாது, பழைய பையவுட் (ஒப்பந்தத்தை முன்கூட்டியே முறித்துக் கொடுக்கும் தொகை) எவ்வளவு தொங்கிக்கொண்டிருக்கிறது, எந்த டிராஃப்ட் பிக் (இளம் வீரரைத் தேர்ந்தெடுக்கும் உரிமை) கையில் மிச்சம் எல்லாம் இருக்கும். வீரரின் ஏஜென்ட் யார் என்பதும் உண்டு. முதல்முறை போகிறவருக்குச் சுருக்கெழுத்துகள் கண்ணைக் கட்டும், ஒரு வாரத்தில் பழகிவிடும். போனில் பார்ப்பதைவிட கம்ப்யூட்டரில் பார்ப்பது நல்லது, இத்தனை கட்டங்களைச் சின்னத் திரையில் தள்ளித் தள்ளிப் பார்க்கப் பொறுமை வேண்டும்.

இந்தக் கணக்கு எதற்கு என்பவர்களுக்கு: 2004-05 சீசன் முழுவதும் லாக்அவுட்டில் (உரிமையாளர்கள் ஆட்டத்தையே நிறுத்தி வைத்தது) போனதற்குப் பிறகு வந்தது இந்தச் சம்பள உச்சவரம்பு, சுருக்கமாகக் கேப்: ஓர் அணி தன் வீரர்களுக்கு மொத்தமாகச் செலவிடக்கூடிய எல்லை. அப்போது 39 மில்லியன் டாலர், 2025-26-ல் 95.5 மில்லியன். அபராதம் கட்டிவிட்டுத் தாண்டிக்கொள்ளலாம் என்ற பேச்சுக்கே இடமில்லை. அதனால் ஒரு ஜிஎம் (அணியைக் கட்டும் ஜெனரல் மேனேஜர்) ஆளை விற்கும்போது பாதி நேரம் அவர் வாங்குவது ஆளையே இல்லை, காலி இடத்தை.

எங்கள் டொராண்டோ லீஃப்ஸையே எடுத்துக்கொள்ளுங்கள். 2019 ஜூனில் பேட்ரிக் மார்லோவை கரோலினாவுக்கு அனுப்பினார்கள், கூடவே 2020-ன் முதல் சுற்று பிக்கையும் கொடுத்தார்கள். ஆளையும் கொடுத்து, மேலே பிக்கும் கொடுப்பதா என்று அன்றைக்கு ஊரே சிரித்தது. கணக்கைப் பார்த்தால் வேறு வழி தெரியாது. மார்லோவுக்கு 6.25 மில்லியன் கேப் ஹிட் (ஒரு வருடத்துக்குக் கேப் கணக்கில் விழும் தொகை), 35 வயதைத் தாண்டிப் போட்ட ஒப்பந்தம் என்பதால் அவர் ஓய்வு பெற்றாலும் தொகை கேப்பை விட்டுப் போகாது. பையவுட் செய்தாலும் போகாது. அந்தக் கோடையில் மிட்ச் மார்னருக்குப் புது ஒப்பந்தம் போட்டாக வேண்டும். அது முடிந்தபோது மாத்யூஸ், டவாரஸ், மார்னர், நைலாண்டர் நாலு பேருக்கு மட்டும் 40 மில்லியனுக்கு மேல், மொத்த வரம்பே 81.5. யார் தலையிலாவது மார்லோவைக் கட்டத்தான் வேண்டும், கட்டுவதற்குக் கூலி அந்த பிக். கரோலினா அவரை உடனே பையவுட் செய்து 6.25 மில்லியனையும் ஒரு வருடம் சுமந்தது. பிக் 13-ஆவது இடமாக வந்தது, அதில் எடுத்தது சேத் ஜார்விஸை. சரி, அதை நினைத்தால் இன்றைக்கும் கடுப்புதான். ஆனால் கடுப்பு எங்கே போக வேண்டும் என்று அட்டவணை தெளிவாகச் சொல்கிறது: 2019 டிரேடைவிட, 37 வயதுக்காரருக்கு 2017-ல் மூன்று வருடம் எழுதிக் கொடுத்த கையெழுத்து மீது.

எனக்கு மிகவும் பிடித்தது, அனுப்பிய அணி சம்பளத்தில் எவ்வளவு தாங்குகிறது என்ற பகுதி. 2023-ல் பேட்ரிக் கேன் சிகாகோவிலிருந்து நியூயார்க் ரேஞ்சர்ஸுக்குப் போன டிரேடை அதில் பாருங்கள். 10.5 மில்லியன் ஆள். சிகாகோ பாதியைத் தாங்கியது, 5.25. நடுவில் அரிசோனா புகுந்து அதிலும் பாதியைத் தாங்கியது. ரேஞ்சர்ஸ் கணக்கில் விழுந்தது 2.625. கேன் அரிசோனாவுக்காக ஒரு நிமிடம்கூட ஆடவில்லை, தரகுக் கூலியாக அவர்களுக்கு ஒரு மூன்றாம் சுற்று பிக் போனது. இப்போது விதியை இறுக்கிவிட்டார்கள்: ஒருமுறை தாங்கிய ஒப்பந்தத்தை அடுத்த அணி தாங்க வேண்டுமானால் இடையில் சீசன் நாட்கள் 75 கழிய வேண்டும். ஒரே நாளில் மூன்று கை மாறும் வித்தைக்கு அத்தோடு மங்களம்.

அப்புறம், டெட்லைனுக்கு (சீசன் நடுவே ஆள் மாற்றிக்கொள்ளக் கடைசி நாள்) எவ்வளவு இடம் இருக்கும் என்று காட்டும் எண். புதியவர்கள் குழம்புவது இங்கேதான். கேப்பை ஒவ்வொரு நாளாகக் கணக்கிடுகிறார்கள். சீசன் தொடக்கத்தில் ஒரு மில்லியன் இடத்தைத் தொடாமல் வைத்திருந்தால், மார்ச் டெட்லைனில் நாலு மில்லியனுக்கு மேல் கேப் ஹிட் உள்ள ஆளை எடுக்கலாம், அவருக்குக் கொடுக்க வேண்டியது மிச்ச நாட்களின் சம்பளம்தானே. அக்டோபரில் கஞ்சத்தனமாகத் தெரிகிற ஜிஎம் மார்ச்சில் கெட்டிக்காரராகத் தெரிவது இதனால்தான்.

நீண்டகாலக் காயப் பட்டியலும் அதே பக்கத்தில், அதில் இருப்பவரின் தொகையை வைத்து அணி வரம்பைத் தாண்டிக்கொள்ளலாம். 2020-21-ல் டாம்பாவின் நிக்கிடா குச்செராவ் இடுப்பு அறுவைக்குப் பிறகு வழக்கமான சீசன் முழுவதும் ஆடவில்லை, பிளேஆஃபுக்கு (சீசன் முடிந்து கோப்பைக்காக நடக்கும் சுற்றுகள்) வந்து அதிகப் புள்ளி எடுத்து கோப்பையையும் தூக்கினார், கேப்பைவிட 18 மில்லியன் கூடுதல் என்று எழுதிய பனியனைப் போட்டுக்கொண்டு கொண்டாடினார். அப்போது பிளேஆஃபில் வரம்பே கிடையாது. 2025-26-லிருந்து அன்றன்றைக்கு ஆட இறங்கும் 20 பேர் கணக்கு வரம்புக்குள் நிற்க வேண்டும்.

இந்தத் தளத்தால் சொல்ல முடியாததும் உண்டு. ஒருவர் பத்து அணிகளுக்குப் போக மாட்டேன் என்று பட்டியல் கொடுத்திருந்தால், பட்டியல் இருக்கிறது என்பது தெரியும், எந்தப் பத்து என்று தெரியாது. டிரேடின் விலையைப் பாதி தீர்மானிப்பது அந்தப் பட்டியல்தான். நாமே ஜிஎம்மாக உட்கார்ந்து ஆளை மாற்றி மாற்றி அணி கட்டும் பகுதியிலும் இதே சிக்கல். அதில் எல்லாரும் எங்கே அனுப்பினாலும் மறுபேச்சில்லாமல் போவார்கள். பொழுது போகும், நானும் ராத்திரி ஒரு மணி வரை லீஃப்ஸ் டிஃபென்ஸைச் சரிசெய்திருக்கிறேன். அதைப் படமெடுத்துப் போட்டு "இது ஏன் இவர்களுக்குத் தோன்றவில்லை" என்று சண்டைக்கு வராதீர்கள், அவ்வளவுதான்.

2025 கோடையில் மார்னர் வேகாஸுக்குப் போனதையும் அதில் பார்க்கலாம். முதலில் டொராண்டோவிலேயே எட்டு வருடம், வருடத்துக்கு 12 மில்லியன் கையெழுத்து, பிறகு டிரேடு. அப்போதைய விதிப்படி சொந்த அணியால்தான் எட்டாவது வருடத்தைக் கொடுக்க முடியும், ஆகவே அந்த ஒரு வருடத்துக்கு விலையாக வந்தவர் 3 மில்லியன் நிக்கோலஸ் ராய். கணக்குப்படி ஒப்பந்தம் முடிந்து சும்மா போக வேண்டிய ஆளுக்கு ஏதோ கிடைத்தது. வயிற்றெரிச்சலுக்குத் தனிக் கட்டம் எதுவும் அந்த அட்டவணையில் இல்லை.