முதுகுப் பருவுக்கு எது சரி: பென்சாயில் பெராக்சைடா, சாலிசிலிக் அமிலமா?

முதுகில் பரு வந்தால் கண்ணுக்குத் தெரிவதற்கு முன் கைக்குத்தான் தெரியும். சட்டையைக் கழற்றும்போது சுருக்கென்று வலிக்கும். தடவிப் பார்த்தால் தோள்பட்டைக்குக் கீழே நாலைந்து மேடுகள் தட்டுப்படும். மருந்துக் கடையில் கேட்டால் பெரும்பாலும் இரண்டு பெயர்கள்தான் வரும்: பென்சாயில் பெராக்சைடு, சாலிசிலிக் அமிலம். இரண்டையும் மாதக்கணக்கில் போட்டுப் பார்த்தவன் நான். இரண்டும் செய்வது ஒரே வேலை இல்லை.

வாங்குவதற்கு முன் ஒன்றைக் கவனியுங்கள். அரிக்கிறதா? எல்லாம் ஒரே அளவில், பொடிப்பொடியாக, வியர்த்தால் கூடுதலாக அரித்தால் அது பருவாகவே இல்லாமல் இருக்கலாம். மலசீசியா என்ற பூஞ்சை மயிர்க்கால்களுக்குள் பெருகினாலும் முதுகு இப்படித்தான் ஆகும். பார்வைக்குப் பரு மாதிரியே இருப்பதால் பலர் இதற்கு ஆன்டிபயாட்டிக் சாப்பிட்டுவிடுகிறார்கள். அது பாக்டீரியாவைக் குறைத்துப் பூஞ்சைக்கு இன்னும் இடம் விட்டுக்கொடுக்கும். இதற்குக் கேட்பது கீட்டோகோனசோல் போன்ற பூஞ்சை மருந்துதான். சந்தேகம் இருந்தால் தோல் மருத்துவரிடம் ஒருமுறை காட்டிவிடுவது நல்லது.

அரிப்பு இல்லை, பருதான் என்றால் இந்த இரண்டையும் ஒப்பிடலாம். மயிர்க்கால் துளையில் எண்ணெயும் செத்த செல்களும் சேர்ந்து அடைத்துக்கொள்கின்றன. உள்ளே க்யூட்டிபாக்டீரியம் ஆக்னெஸ் என்ற கிருமி பெருகி, இடம் சிவந்து வீங்குகிறது. சாலிசிலிக் அமிலம் எண்ணெயோடு கலக்கக்கூடியது. அதனால் துளைக்குள் இறங்கி அடைப்பைத் தளர்த்தும். பென்சாயில் பெராக்சைடு கிருமியைக் கொல்லும். ஆன்டிபயாட்டிக்குக்குப் பழகிவிடுவதைப் போல் கிருமி இதற்குப் பழகிக்கொள்வதில்லை என்பது இதன் பெரிய பலம்.

ஆகவே கரும்புள்ளியும் சொரசொரப்பும்தான் தொந்தரவு என்றால் 2 சதவீத சாலிசிலிக் அமிலமே போதும். ஆஸ்பிரின் ஒவ்வாமை உள்ளவர்கள் மட்டும் மருத்துவரைக் கேட்டுவிட்டுத் தொடங்குங்கள். சிவந்து, சீழ் கோத்து, தொட்டால் வலிக்கிற பருக்களுக்கு என் ஓட்டு பென்சாயில் பெராக்சைடுக்குத்தான்.

ஆனால் அதைப் போடும் விதத்தில்தான் பலர் கோட்டை விடுகிறார்கள். சோப்பு மாதிரி தேய்த்து உடனே கழுவினால் பெரிய பலன் இருக்காது. பூசிவிட்டு 2 முதல் 5 நிமிடம் அப்படியே நிற்க வேண்டும். 10 சதவீதத்தில் ஆரம்பிக்க வேண்டாம். 4 அல்லது 5 சதவீதத்தில் தொடங்கி, தோல் எரிந்தால் ஒருநாள் விட்டு ஒருநாள் போடுங்கள். தலைக்குக் குளிக்கும் நாளில் முதுகைக் கடைசியாகக் கழுவுங்கள். கண்டிஷனர் வழிந்து முதுகில் தங்கினால் துளைகள் மறுபடி அடைத்துக்கொள்ளும்.

பென்சாயில் பெராக்சைடின் பெரிய குறை, துணியின் சாயத்தை எடுத்துவிடும். என் கருநீலத் துண்டில் தோளைத் துடைத்த இடமெல்லாம் இரண்டே வாரத்தில் வெளிறிய ஆரஞ்சுத் திட்டுகள். கறை என்று நினைத்து ஊறவைத்துத் துவைத்தேன். போனது நிறம், திரும்பி வரவில்லை. அப்புறம் வெள்ளைத் துண்டுக்கு மாறிவிட்டேன். சாலிசிலிக் அமிலத்தில் இந்தத் தொல்லை இல்லை.

மூன்றாவதாக அடாபலீன் ஜெல் இருக்கிறது. அடைப்பு உருவாவதையே தடுப்பதால் திரும்பத் திரும்ப வருபவர்களுக்கு ஏற்றது. ஆனால் பலன் தெரிய 12 வாரம் பொறுக்க வேண்டும். நடுமுதுகுக்குக் கை எட்டாது, தடவிவிட இன்னொருவர் வேண்டும். கர்ப்பிணிகள் தவிர்க்க வேண்டும். இதே குடும்பத்தைச் சேர்ந்த டிரைஃபரோட்டீன் முகத்தோடு மார்பு, முதுகுப் பருக்களிலும் சோதிக்கப்பட்டு, 2019இல் அமெரிக்காவில் ஒப்புதல் பெற்றது.

பையின் பட்டை உரசும் இடத்திலோ இறுக்கமான உடைக்கு அடியிலோ மட்டும் பரு வருகிறதென்றால், எந்த மருந்தைப் போட்டாலும் உரசல் நிற்காமல் அது முழுதாக அடங்காது.

ஆழமாக, உருண்டையாக, வடு விட்டுப்போகிற கட்டிகள் வந்தால் மேல்பூச்சு மட்டும் போதாது. மருத்துவர் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக் தரலாம். அதைப் பொதுவாக மூன்று நான்கு மாதங்களுக்கு மேல் நீட்டுவதில்லை, கூடவே பென்சாயில் பெராக்சைடையும் போடச் சொல்வார்கள். அதற்கும் அடங்காவிட்டால் ஐசோட்ரெட்டினோயின். பலன் மிகப் பெரியது, ஆனால் கருவில் உள்ள குழந்தைக்குக் கடுமையான ஊனத்தை உண்டாக்கக்கூடியது. மருத்துவக் கண்காணிப்பு இல்லாமல் ஒரு மாத்திரைகூடப் போடக் கூடாது. மேல்முதுகில் வடுக்கள் தடித்து வளரும் வாய்ப்பு அதிகம். எனவே கட்டிகள் வரத் தொடங்கியதுமே மருத்துவரிடம் போங்கள், நகத்தால் கிள்ளாதீர்கள்.