அன்றாடக் கூலியா, சேமிப்பா? கோப்பிபாடுகள் முட்டையிடும் இரு வழிகள்

கடலில் மிதக்கும் குட்டி ஓட்டுடலிகளான கோப்பிபாடுகளில், அகார்ஷியாவை அன்றாடங்காய்ச்சி என்றே சொல்லலாம். ஒரு மில்லிமீட்டர் உடம்பில் கொழுப்புச் சேமிப்பு கிட்டத்தட்ட இல்லை. இன்று தின்ற நுண்பாசிதான் நாளைய முட்டை. இரை குறைந்தால் ஓரிரு நாளிலேயே முட்டை எண்ணிக்கை சரிந்துவிடும்.

ஆர்க்டிக்கின் கலானஸ் ஹைப்பர்போரியஸ் வேறு ரகம். கண்ணாடி போன்ற உடம்புக்குள் நீளமான எண்ணெய்ப் பை பளபளக்கும். கோடையில் சேர்த்த அந்தக் கொழுப்பை வைத்தே, இருண்ட குளிர்காலத்தில், ஆழத்தில், ஒன்றும் தின்னாமல் முட்டையிடும். முட்டையிலும் கொழுப்பு அதிகம். அதனால் தானாக மேலே மிதந்து வரும். வசந்தத்தில் பாசி பெருகும்போது குஞ்சுகள் தயார்.

சேமிப்புதான் கெட்டிக்காரத்தனம் என்று தோன்றும். சரி, ஆனால் கலானஸ் வளர்ந்து முடிக்கவே சில ஆண்டுகள் ஆகும். அகார்ஷியாவுக்கோ, வெதுவெதுப்பான நீரில் சில வாரம் போதும்.