லாஸ்கோ குகைக்குள் கூட்டிப் போகிறோம் என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள்

பிரான்ஸின் தோர்தோன் பக்கம் டூர் போக நினைப்பவர்கள், அதிலும் ஊரிலிருந்து வந்திருக்கும் பெரியவர்களைக் கூட்டிப் போக நினைப்பவர்கள், பணம் கட்டுவதற்கு முன் இதைப் படித்துவிடுங்கள்.

ஆதிமனிதர் தீட்டிய ஓவியங்களுக்குப் பேர்போன லாஸ்கோவின் அசல் குகைக்குள் சுற்றுலாப் பயணிகள் யாரும் போக முடியாது. 1940-ல் கண்டுபிடிக்கப்பட்ட குகை அது. போர் முடிந்து மக்களுக்குத் திறந்துவிட்ட பிறகு கூட்டம் அலைமோதியது. அத்தனை பேர் விட்ட மூச்சுக்காற்றாலும் விளக்கு வெளிச்சத்தாலும் சுவரில் பச்சைப் பாசி பிடித்தது, சுண்ணாம்புப் படலம் கட்டியது. 1963-ல் அப்போதைய கலாசார அமைச்சர் ஆந்த்ரே மல்ரோ அதை மூடிவிட்டார். இன்று நாம் பார்ப்பதெல்லாம் பிரதிகள்: 1983-ல் திறந்த லாஸ்கோ 2, 2016 டிசம்பரில் மோந்தினியாக்கில் திறந்த லாஸ்கோ 4. கூடுதல் பணம் கொடுத்தாலும் 'ஸ்பெஷல் பர்மிஷன்' என்று யார் சொன்னாலும் இது மாறாது.

எங்களுக்கு அந்த 'ஸ்பெஷல் பர்மிஷன்'தான் விற்கப்பட்டது. பாரிஸில் நம்மவர்களுக்காகவே டூர் நடத்தும் ஒரு நிறுவனம். 'இடைக்கால ஊர்களும் ஆதிமனிதர் குகைகளும்' என்று வழவழப்பான நோட்டீஸ், அதில் லாஸ்கோவின் பெரிய காளைப் படம். கும்பகோணத்திலிருந்து வந்திருந்த என் மாமா ஓய்வுபெற்ற ஓவிய ஆசிரியர். அந்தக் காளையைப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் வரைந்து காட்டியவர். அவருக்காகவே போன் போட்டுக் கேட்டேன்: "அசல் குகைதானா?" "அசலேதாங்க, உள்ளேயே போகலாம், அதுக்குத்தான் இந்த ரேட்" என்றார் எடுத்தவர். பெரியவர் பெயரில் கூடுதல் கட்டணமும் வாங்கிக்கொண்டார்.

மோந்தினியாக்கில் பஸ் நின்றது லாஸ்கோ 4 வாசலில். டிக்கெட்டைக் கையில் கொடுக்கும்வரை டூர் நிறுவனத்திலிருந்து கூட வந்தவர் வாய் திறக்கவில்லை. உள்ளே அந்த மையத்தின் வழிகாட்டி முதல் நிமிடத்திலேயே, இது பிரதி, சுவர் ரெசின் என்ற செயற்கைப் பிசினால் செய்தது என்று தெளிவாகச் சொல்லிவிட்டார். அவர்கள்மேல் எந்தக் குறையும் இல்லை. மாமா மெதுவாக என் பக்கம் திரும்பி, "ஏம்மா, நாம அசலுக்குத்தானே பணம் கட்டினோம்?" என்று கேட்டார். அதற்கு மேல் அன்று முழுக்க அவர் அதைப் பற்றிப் பேசவில்லை. எனக்குத்தான் ஆறவில்லை.

ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். லாஸ்கோ 4 அருமையான வேலை. ஐந்து மீட்டருக்கும் நீளமான அந்தக் காளை தலைக்கு மேல் எழும்போது பிரதி என்பதே மறந்துபோகும். பிரதி என்று சொல்லியே விற்றிருந்தால் மாமா சந்தோஷமாகவே வந்திருப்பார்.

இன்னொரு விஷயம் அதைவிடக் கோபம் வரவைத்தது. அசல் ஓவியங்களை நேரில் பார்க்க அதே வெஸேர் பள்ளத்தாக்கிலேயே இடமிருக்கிறது. லேஸெய்ஸி ஊரை ஒட்டிய ஃபோன்-த-கோம் குகையில் வண்ணம் தீட்டிய காட்டெருமைகளை இன்றும் காட்டுகிறார்கள். நாளுக்கு மிகக் குறைந்த பேரைத்தான் விடுவார்கள், அதனால் முன்கூட்டியே இடம் பிடிக்க வேண்டும். எங்கள் நோட்டீஸில் அதுவும் இருந்தது. ஆனால் டிக்கெட்டே எடுக்கவில்லை. 'கூட்டம் ஜாஸ்தி' என்று பஸ்ஸிலேயே கைவிரித்துவிட்டார்கள். நடக்கச் சிரமப்படுபவர்களுக்கு ருஃபினியாக் குகை நல்லது. மின்சார ரயிலில் உட்கார்ந்தபடியே உள்ளே போய் மாமூத் யானை ஓவியங்களைப் பார்க்கலாம். லோத் பகுதிக்குப் போனால் பேஷ் மெர்ல் குகையில் புள்ளிக் குதிரைகள் இருக்கின்றன. அங்கும் ஒரு நாளைக்கு 700 பேருக்கு மேல் அனுமதி இல்லை. எல்லாமே அசல்.

ஊர்களின் கதையும் இப்படித்தான். சார்லாவின் தெருச் சந்தை புதனும் சனியும். எங்களைக் கொண்டுபோய் இறக்கியது வியாழக்கிழமை. தொம் மலைமேல் இருக்கும் கோட்டை ஊர், 1281-ல் உருவானது. அதன் வாயில் கோபுரத்தில் சிறைவைக்கப்பட்ட டெம்ப்ளர்கள் என்ற இடைக்காலக் கிறிஸ்தவத் துறவி வீரர்கள் சுவரில் கீறிய உருவங்கள் இன்றும் இருக்கின்றன. எங்களுக்கு அது கீழே ஆற்றங்கரையிலிருந்து 'அதோ தெரியுது பாருங்க' என்பதோடு முடிந்தது. பேய்னாக் கோட்டை பஸ் ஜன்னலோடு சரி. ஆனால் வாத்து ஈரல் விற்கும் கடையில் மட்டும் ஒன்றரை மணி நேரம் நிறுத்தினார்கள். சைவரான மாமா வெளியே கல் திட்டில் வெயிலில் உட்கார்ந்திருந்தார். அந்த ஒன்றரை மணி நேரத்தில் தொம் மேலே போய்த் திரும்பியிருக்கலாம்.

திரும்பி வந்து கேட்டதற்கு, "லாஸ்கோன்னுதானே போட்டிருக்கோம், நாலாவது லாஸ்கோவும் லாஸ்கோதான்" என்று பதில். அப்புறம், அடுத்த டூருக்குத் தள்ளுபடிக் கூப்பன் தருகிறோம் என்றார்கள். வாங்கவில்லை.

நீங்கள் பதிவு செய்யும்போது எந்தக் குகை, அசலா பிரதியா, எத்தனை மணிக்கு நுழைவு, எந்த ஊரில் எவ்வளவு நேரம் என்று எழுத்தில் கேளுங்கள். போனில் சொன்னதை வாட்ஸ்அப்பிலாவது திருப்பி எழுதி, 'ஆமாம்' என்று பதில் வாங்குங்கள். பிரான்ஸில் டூர் விற்கும் நிறுவனம் அத்து ஃபிரான்ஸ் என்ற அரசுச் சுற்றுலா அமைப்பின் பதிவேட்டில் இருக்க வேண்டும், ஐ.எம். என்று தொடங்கும் அந்தப் பதிவு எண்ணைக் கேளுங்கள். எங்கள் ரசீதில் அது இல்லவே இல்லை.

நான் அவர்களுக்குப் பதிவுத் தபாலில் புகார் அனுப்பியிருக்கிறேன். அரசின் நுகர்வோர் புகார்த் தளமான சிக்னல் கோன்சோவிலும் புகார் போட்டாயிற்று. ஃபோன்-த-கோம் டிக்கெட் பணம் மட்டும் திரும்பி வந்திருக்கிறது. பாக்கிக்காக வங்கியிலும் அட்டைப் பணத்தைத் திரும்பக் கேட்டு மனு கொடுத்திருக்கிறேன். எங்களோடு அதே பஸ்ஸில் வந்தவர்கள் யாராவது இதைப் படித்தால், நோட்டீஸையும் ரசீதையும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். நீங்களும் தனித்தனியாகப் புகார் போடுங்கள்.