7 மி.மீ. வெட்சூட்: பழைய இரண்டு துண்டா, புதிய ஒற்றைத் துண்டா?

மான்டரே விரிகுடாவில் தண்ணீர் அதிகம் குளிரும் மாதம் எது என்று கேட்டால், கலிஃபோர்னியாவுக்குப் புதிதாக வந்தவர்கள் ஜனவரி என்பார்கள். டைவ் அடிப்பவர்கள் ஏப்ரல், மே என்பார்கள். வசந்தத்தில் வீசும் வடமேற்குக் காற்று மேல்தண்ணீரைக் கரையை விட்டு விலக்கிவிடும். ஆழத்தில் கிடக்கும் குளிர்ந்த தண்ணீர் அந்த இடத்துக்கு ஏறி வரும். 10 டிகிரி செல்சியஸ் சாதாரணம். செப்டம்பர், அக்டோபரில் 14, 15 வரை போகும். குளிர்ந்த தண்ணீரில் டைவ் அடிக்கப் போடும் ரப்பர் உடைதான் வெட்சூட். எந்த வெட்சூட் வாங்கலாம் என்று கேட்பவர்களிடம் நான் முதலில் கேட்பது, எந்த மாதத்தில் இறங்கப்போகிறீர்கள் என்பதைத்தான்.

சான் ஹோசேயில் வேலை, சனிக்கிழமைகளில் மான்டரே என்று ஓடும் ஆள் நான். என்னிடம் இரண்டு சூட் இருக்கின்றன, இரண்டும் 7 மி.மீ. தடிமன். ஒன்று பழைய பாணி: கையில்லாத ஓவரால் மாதிரி ஒரு கீழ்ச்சூட், அதன் மேல் ஜாக்கெட். கீழ்ச்சூட்டுக்கு இங்கே ‘ஃபார்மர் ஜான்’ என்று பெயர். இன்னொன்று புதிய பாணி: நன்றாக இழுபடும் நியோப்ரீன் நுரை ரப்பரில் ஒற்றைத் துண்டு, முதுகில் ஜிப், மணிக்கட்டிலும் கணுக்காலிலும் தண்ணீர் புகாதபடி இறுக்கும் பட்டை. இரண்டையும் பல வருடங்களாக மாற்றி மாற்றிப் போட்டு வருகிறேன்.

உடம்புச் சூட்டில் வெதுவெதுப்பாகும் நீர்ப்படலம்தான் நம்மைக் காக்கிறது என்று பலரும் நினைக்கிறார்கள். உண்மையில் குளிரைத் தடுப்பது நியோப்ரீனுக்குள் அடைபட்டிருக்கும் வாயுக் குமிழ்கள். 1950களின் தொடக்கத்தில் வெட்சூட்டை உருவாக்கிய பெர்க்லி இயற்பியலாளர் ஹ்யூ பிராட்னர் பிடித்துக்கொண்ட விஷயமே அதுதான்: குமிழ்கள் உள்ள பொருளை உடுத்தினால் போதும், உடம்பு நனைந்தால் பரவாயில்லை. உள்ளே வந்த தண்ணீர் வந்த இடத்திலேயே நிற்க வேண்டும், அவ்வளவுதான். அது வெளியே போய்ப் புதுத் தண்ணீர் வந்துகொண்டே இருந்தால் எத்தனை மி.மீ. போட்டாலும் வீண்.

இந்தக் கணக்கில் பழைய பாணிக்கு ஒரு பெரிய பலம். ஜாக்கெட்டும் கீழ்ச்சூட்டும் ஒன்றின் மேல் ஒன்று ஏறுவதால் நெஞ்சு, வயிறு, முதுகு எங்கும் 14 மி.மீ. கிடைக்கிறது. முதல் டைவில் இரண்டு சூட்டுக்கும் எனக்குப் பெரிய வித்தியாசம் தெரிந்ததில்லை. இரண்டாவது டைவில்தான் தெரியும். மே மாதத்தில் ஒற்றைத் துண்டைப் போட்டுக்கொண்டு இரண்டாம் முறை இறங்கினால், குனியும்போதெல்லாம் கழுத்து வழியாக ஒரு கோடு தண்ணீர் முதுகெலும்பில் இறங்கும். அரை மணி நேரத்தில் பல் கிட்டிவிடும். இரண்டு துண்டில் அதே தண்ணீரில் நிதானமாக முக்கால் மணி நேரம் கடல் சாமந்திகளைப் பார்த்துவிட்டு வரலாம்.

ஜாக்கெட்டின் பின்புறம் ஒரு வால் தொங்கும். பீவர் டெயில் என்பார்கள். அதைக் காலிடுக்கில் கொண்டுவந்து முன்பக்கம் திருகிப் பூட்ட வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் ரப்பர் கோவணம். பார்க்கச் சிரிப்பாக இருந்தாலும் ஜாக்கெட் மேலேறாமல் பிடித்துவைப்பது அதுதான். ஒரே குறை, அந்தப் பூட்டுகள் கெல்ப் என்ற உயரமான கடற்பாசியின் தண்டில் மாட்டும்.

விலை கொடுப்பது எடையில். குமிழ்கள் உள்ள சூட் மிதக்கும் என்பதால் மூழ்குவதற்கு இடுப்பில் ஈயம் கட்ட வேண்டும். ஒற்றைத் துண்டுக்கு எனக்கு 9 கிலோ ஈயம் போதும், இரண்டு துண்டுக்கு 13 வேண்டும். இந்த நாலு கிலோவைத் தண்ணீருக்குள் சமாளித்துவிடலாம். காற்று டேங்கையும் சுமந்துகொண்டு சான் கார்லோஸ் கடற்கரையில் மணலைத் தாண்டிப் படியேறும்போதுதான் முட்டி பேசும். தண்ணீரிலும் வேறொரு சிக்கல் உண்டு. 20 மீட்டர் ஆழத்தில் அழுத்தம் மேலே இருப்பதைப் போல மூன்று மடங்கு. குமிழ்கள் மூன்றில் ஒரு பங்காகச் சுருங்கும். மிதப்பும் போகும், கதகதப்பும் போகும். தடிமனான சூட்டில் இந்த ஏற்ற இறக்கம் பெரிது, அதனால் மிதப்பைச் சரிசெய்ய மேலே போடும் காற்று ஜாக்கெட்டில் (வெட்சூட் ஜாக்கெட் வேறு) காற்றை ஏற்றி இறக்குவதில் கை பழகியிருக்க வேண்டும். அலுமினிய டேங்க் காலியாகக் காலியாக மிதக்கத் தொடங்கும் என்பதையும் மறக்கக் கூடாது. நான் ஸ்டீல் டேங்குக்கு மாறிவிட்டேன், இடுப்பில் ஈயம் கொஞ்சம் குறைந்தது.

அப்புறம், அளவு. கடையில் தொங்கும் ஒற்றைத் துண்டு சூட்டெல்லாம் ஆறடி ஆளுக்கு வெட்டியது. நம்மூர் உடம்புக்கு, அதிலும் நாற்பதைத் தாண்டித் தொப்பை எட்டிப்பார்க்கும் உடம்புக்கு, வயிறு சரியாக இருந்தால் கால் நீளம், கால் சரியாக இருந்தால் மூச்சு முட்டும். இடுப்பு மடிப்பிலும் முதுகுக் குழிவிலும் இடைவெளி இருந்தால் தண்ணீர் அங்கேதான் பம்ப் அடிக்கும். இரண்டு துண்டில் மேலே ஓர் அளவு, கீழே ஓர் அளவு வாங்கிக்கொள்ளலாம். என்னைக் கேட்டால் 14 மி.மீ.யை விட இதுதான் பெரிய லாபம்.

ஒற்றைத் துண்டை ஒரேயடியாக மட்டம் தட்டவில்லை. போடுவதும் கழற்றுவதும் சுலபம், தோள் வலிக்காமல் நீந்தலாம், காரில் பாதி இடம்தான் எடுக்கும். அக்டோபரில் ஒரே ஒரு டைவ், மதியத்துக்குள் வீடு என்றால் அதைத்தான் எடுப்பேன். ஆனால் இழுபடும் மென்மையான நியோப்ரீன் சீக்கிரம் சோர்ந்துபோகிறது. இதைக் கண்டுபிடிக்க எளிய வழி ஈயக் கணக்கு: அதே உடம்பு, அதே டேங்க், ஆனால் முன்பை விடக் குறைந்த ஈயத்திலேயே மூழ்குகிறீர்கள் என்றால் திறமை கூடியிருக்கலாம், சூட்டின் குமிழ்கள் செத்துக்கொண்டிருக்கவும் கூடும். என் ஒற்றைத் துண்டுக்கு இப்போது ஆரம்பத்தில் இருந்ததை விட ஒன்றரைக் கிலோ குறைவாகப் போதுகிறது. இரண்டு துண்டு பழையதாக இருந்தும் பெரிதாக மாறவில்லை.

பராமரிப்பு இரண்டுக்கும் ஒன்றுதான். நல்ல தண்ணீரில் அலசி, அகலமான ஹேங்கரில் நிழலில் காயவிட வேண்டும். மடித்து வைத்தால் மடிப்பில் குமிழ் நசுங்கும். சூட்டுக்குள் சிறுநீர் போவதைப் பற்றி யாரும் வாய்விட்டுப் பேச மாட்டார்கள், எல்லோரும் போவார்கள். அதற்கென்றே விற்கும் ஷாம்பூவில் ஊறவைத்தால் நாற்றம் போய்விடும்.

புதிதாக ஆரம்பிப்பவர்கள் செகண்ட் ஹேண்ட் இரண்டு துண்டு தேடிப்பார்க்கலாம், இப்போது அதற்குப் போட்டி குறைவு. முட்டியையும் தோளையும் விரலால் அழுத்திப் பாருங்கள், அந்த இடம்தான் டேங்கும் பாறையும் பட்டு முதலில் மெலியும். சட்டென்று மீண்டு எழுந்தால் வாங்கலாம். பள்ளம் அப்படியே நின்றாலோ, அட்டை மாதிரி விறைத்திருந்தாலோ எவ்வளவு மலிவாகக் கொடுத்தாலும் வேண்டாம்.